சூரை நாறவில்லை

எங்கள் மீன் கம்பெனியில் என் நாத்தனாரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மூக்கு என்றால்தான் தெரியும். மூக்கு வந்தாச்சா, மூக்கு பார்த்தாச்சா, மூக்கு சொன்னா சரிதான். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. இப்போது அதே வாய்கள், மூக்கு மழுங்கிப்போய் முப்பத்தொரு பேரைப் படுக்கவைத்த பொம்பளை என்று பேசுகின்றன. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுது என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அடங்கிவிட்டால் நான் எங்கே எழுதப்போகிறேன்?

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் ஏறுவது அவர்தான். மேல் வரிசைப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நல்ல மீனை மேலே பரப்பிவைத்து ஏமாற்றுகிற வேலை அவருக்குத் தெரியாததா? நடுவில் இருக்கும் பெட்டியை இழுத்து, ஐஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு மீனை உருவுவார். கட்டைவிரலால் செவுளைத் தூக்கி மூக்கை அதில் வைத்து முகர்வார். வயிற்றுப் பக்கம் ஒரு அழுத்து அழுத்துவார். விழுந்த குழி உடனே எழும்பினால் "போகலாம்". எழும்பாவிட்டால் "ஓரம் கட்டு". வேறு வார்த்தை கிடையாது. படகுக்காரர்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள், திட்டியும் பார்ப்பார்கள். ஒருத்தர் அழுதுகூடப் பார்த்தார். ஓரம் கட்டியது ஓரம் கட்டியதுதான்.

அந்த மூக்கை அவர் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார். வீட்டில் வாசனை சோப்பு இல்லை, பவுடர் இல்லை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயிலும் வாசனை கூடாது. வேலை நாளில் பச்சை வெங்காயத்தைத் தொடமாட்டார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர்; நான் அவரை அண்ணன் என்பேன். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு செண்டு பாட்டில் வாங்கிவந்தாராம். அது மறுநாளே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. இவளைக் கட்டிக்கிட்டதுல ஒரே ஒரு கஷ்டம்தான், தெருமுனையில சிகரெட் பத்தவெச்சா வீட்டுக்குள்ள இவ இருமுறா என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். ஜலதோஷம் என்றால் அண்ணி அன்று வேலைக்கே போகமாட்டார். அடைத்த மூக்கோடு ஒரு மீனைக்கூடப் பார்த்ததில்லை. கம்பெனியின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் சளி, லீவு, சளி, லீவு என்று வருஷம் தவறாமல் இருக்கும்.

அண்ணி மேல் எனக்கும் கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நானும் மற்றவர்கள் மாதிரிப் பூசி மெழுகுகிறவள் ஆகிவிடுவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மீன் சதையில் ஒரு துண்டு வெட்டி அரைத்து, ஒரு மருந்தில் கரைத்து, அதில் காகிதப் பட்டையை முக்கவேண்டும். கோடு விழுவதை வைத்து மீனில் விஷம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாமாம். ஒரு லோடுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டு, இது நமக்கு வேணுமாக்கா என்று கேட்டார். நான் இருக்கும்போது இந்தக் காகிதம் எதுக்கு சார் என்றார் அண்ணி. சுற்றி நின்ற நாங்கள் எல்லாம் சிரித்தோம். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை, என் நாத்தனாராச்சே. பெட்டி பிரிக்காமலே இரும்பு பீரோவுக்குள் போனது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு வரவேண்டிய சூரை மீன் லோடு வரவில்லை. அண்ணி பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார். இன்றைக்கு லாரி வராது, வீட்டுக்குப் போங்க என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். ஒரு மணிக்கு லாரி வந்தது, முன்வாசல் வழியாக இல்லை, பின்வாசல் வழியாக. ஓட்டி வந்தவனுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். காலி ரோட்டிலும் அடித்துக்கொண்டே வருவான். அன்று சத்தமே இல்லாமல் வந்து நின்றான். வழியில் குளிர் மெஷின் நின்றுபோய், மெக்கானிக் கிடைக்காமல், ஆறேழு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறான்.

மீன் வெட்டும் வரிசையிலிருந்து நாலு பேரை மேனேஜர் கூப்பிட்டார். அதில் நான் ஒருத்தி. பெட்டிகளில் ஐஸ் இல்லை, சிவந்த தண்ணீர்தான் கிடந்தது. வாலைப் பிடித்து ஒரு மீனைத் தூக்கினேன். ரப்பர் கையுறையைத் தாண்டி அதன் சூடு எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷமாகக் குளிர்ந்த மீனை மட்டுமே பிடித்துப் பழகிய கை, சட்டென்று கூசியது. நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"ஐஸ் தண்ணித் தொட்டில போட்டு மூடுங்க. காலையில மூக்கு பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் அவரை ஏதோ திட்டம் போட்டு விஷம் வைத்த ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அளவுக்கெல்லாம் அவருக்குத் தைரியம் கிடையாது. மூக்கு பார்த்துக்கொள்ளும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஹாரனும் அதையே சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கூட ஐஸ் அள்ளிய மூன்று பெண்களும் அதையே சொன்னார்கள். நானும் மண்வெட்டியை வாங்கி, என் பங்குக்கு ஐஸை அள்ளி அள்ளிக் கொட்டினேன். மீன் கண்ணில் தெரியாத வரைக்கும் கொட்டினோம்.

அன்று சாயங்காலம் என் மகளின் சீருடைக்குப் பட்டன் தைக்க அண்ணி வீட்டுக்குப் போனேன். அரை மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசினோம். லாரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். காலையில் அவரே கண்டுபிடித்து ஓரம் கட்டிவிடுவார், நாம் எதற்கு மேனேஜரைப் பகைத்துக்கொள்ளவேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தொட்டியிலிருந்து மீனை எடுத்துப் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார்கள். அண்ணி வந்தார். எப்ப வந்த லோடு என்று கேட்டார். நேத்து சாயங்காலம் என்று மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார். அண்ணி முதல் மீனின் செவுளைத் தூக்கினார். மீனின் கண் கொஞ்சம் மங்கியிருந்தது. ஐஸ் தண்ணீரில் கிடந்த மீனுக்கு அது சகஜம்தான். சதை கெட்டியாக இருந்தது. வழக்கமாக மூன்று மீன் பார்ப்பவர் அன்று ஆறு பார்த்தார். நான் வெட்டுக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகலாம் என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மூக்கே சொல்லிவிட்டது, அப்போது மீனில் ஒன்றும் இல்லை, நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று நினைத்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அந்தச் சூரையை நான்தான் துண்டு போட்டேன்.

துண்டுகள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்குப் போயின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொரித்துப் பரிமாறினார்கள். ஒரு பெரியவர், மீனில் இவ்வளவு மிளகு போடுவாங்களா என்று சமையல்காரரைக் கேட்டாராம். மிளகே போடவில்லை. அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொருவராக முகம் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துச் சாய்ந்தார்கள். முப்பத்தொரு பேர். மிளகு கேட்ட அந்தப் பெரியவருக்கு ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்துவிட்டார், நல்லவேளை. அவர் போயிருந்தால் இந்தப் பேனா என் கையில் நின்றிருக்காது.

மூன்றாம் நாள் சுகாதார ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் குளிர் அறையில் மிச்சம் இருந்த துண்டுகளை எடுத்துப்போனாள். இருக்கலாம் என்று சட்டம் விடுகிற அளவைவிடப் பல மடங்கு விஷம் இருந்ததாக முடிவு வந்தது. அதைச் சொல்ல வந்தபோது, நாங்கள் உடை மாற்றும் அறைக்கே வந்து அண்ணியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அதட்டவில்லை, நல்ல பெண்.

"மீனுக்குச் சூடு பட்டா அதுல இருக்கற பாக்டீரியா பெருகும்க்கா. சூரை மாதிரி மீனோட சதையில இருந்து ஹிஸ்டமின்னு ஒண்ணை உண்டாக்கும். அப்புறம் நீங்க ஐஸ்ல போட்டா பாக்டீரியா அடங்கிடும், ஆனா உண்டானது உண்டானதுதான். உறைய வெச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது."

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாசனை?"

"அதுக்கு வாசனை இல்லக்கா. நாத்தம் வர்றது வேற பாக்டீரியாவால. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இது நடந்து முடிஞ்சிருக்கும். மூக்கால கண்டுபிடிக்க முடியாது."

அவள் போன பிறகும் அண்ணி எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். அப்படியே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். போய் என் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அண்ணியின் வீட்டுக்கே வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அப்போது அங்கேதான் இருந்தோம். அண்ணனின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில், வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். சம்பவத்தன்று எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது, அதை மறைத்து வேலை பார்த்தேன் என்று எழுதியிருந்தது. அண்ணி கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. போட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றி, ஓய்வு வயது வரும் வரைக்கும் வைத்துக்கொள்வார்களாம். போடாவிட்டால் அந்த உத்தரவாதம் தன் கையில் இல்லை என்றார்.

"ஒரு நாள் சளி பிடிச்சிருந்ததுன்னா யாரு தப்பா நினைப்பாங்க? உங்க பேரும் நிக்கும்க்கா" என்றார் எழுந்துகொள்ளும்போது.

எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடிதம் கம்பெனியை மட்டும் காப்பாற்றவில்லை, மூக்கையும் காப்பாற்றியது. அன்று மட்டும் அடைத்திருந்தது, மற்ற நாளெல்லாம் அதை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊர் பேசிக்கொள்ளும். அண்ணியின் ஆசை எது என்று தெரிந்து, அதற்கு நேராகத் தூண்டிலைப் போட்டிருந்தார். கையெழுத்து இல்லையென்றால், இந்த மூக்கால் முடியாத ஒன்று இருக்கிறது, இத்தனை வருஷமும் இருந்தது என்று அண்ணி தன் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். பிச்சை எடுக்கச் சொன்னால்கூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. அண்ணன் போட்டுவிடு என்றார். என் வீட்டுக்காரரும், அக்கா போட்டுடு, நமக்கு எதுக்கு வம்பு என்றார்.

அண்ணி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடிபடாத விஷயம் வேறு. லோடு சாயங்காலம் வந்தது, ஐஸ் இருந்தது, அப்புறம் எப்படிச் சூடு பட்டது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இதற்கு மேல் எனக்கு மென்று விழுங்க முடியவில்லை. பின்வாசல், ஹாரன், ஐஸ் தண்ணித் தொட்டி, என் கையில் இருந்த மண்வெட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அன்னைக்குச் சாயங்காலம் இங்கதானே உட்கார்ந்திருந்தே, ஏன் சொல்லல என்று மட்டும் கேட்டார்.

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் எனக்கும் வாய் நீண்டது. காகிதம் எதுக்குன்னு அன்னைக்குச் சொன்னது நானா, பெட்டியைப் பிரிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பொய்யான கேள்வியும் இல்லை. அண்ணி எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். அதற்கப்புறம் எட்டு நாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

விசாரணை சுகாதார ஆபீசின் மாடியில் நடந்தது. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரியும், மீனைச் சோதித்த அந்தப் பெண்ணும். இந்தப் பக்கம் மேனேஜர், ஹாரன், நாங்கள் சில பேர். முதியோர் இல்லத்திலிருந்து இரண்டு பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கையெழுத்துப் போடாத கடிதத்தின் நகலை மேனேஜர் தானாகவே அதிகாரியிடம் கொடுத்திருந்தார், வாய்மொழியாக ஒப்புக்கொண்டதாகச் சொல்லி. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அன்றைக்கு உங்களுக்கு ஜலதோஷமா என்று அதிகாரி கேட்டார். அண்ணி எழுந்து நின்றார்.

"இல்ல சார். அன்னைக்கு என் மூக்கு நல்லா இருந்துச்சு. ஆறு மீன் மோந்து பார்த்தேன், ஒண்ணுலயும் ஒண்ணும் தெரியல. இந்த விஷம் என் மூக்குக்குத் தெரியாது சார். இந்த இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை தடவை தெரியாமப் போச்சோ, அதுவும் எனக்குத் தெரியாது. டெஸ்ட் பெட்டி வந்தப்போ வேணாம்னு சொன்னவளும் நான்தான். பீரோல பிரிக்காம இருக்கும், பாருங்க."

பின்னால் எங்கள் ஆள் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேனேஜர் உடனே பாய்ந்தார்: அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார், கம்பெனி மேல தப்பு இல்ல, லோடு குளிர்ச்சியாத்தான் வந்துச்சு என்று ஒரு தாளை நீட்டினார். மணிக்கு ஒரு தடவை லாரியின் குளிர்ச்சியை எழுதிவைக்கிற தாள். மேலிருந்து கீழ் வரை ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், எல்லா மணிக்கும் இரண்டு டிகிரி.

அதிகாரி தாளைப் பார்த்தார். லோடு வந்து இறங்கும்போது கையால் தொட்டுப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா என்று கேட்டார்.

ஹாரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு ஐஸ் அள்ளிய மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி திரும்பவே இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். இதோ உட்கார்ந்திருக்கிறாளே இவள்தான் என்று ஒரு விரல் நீட்டியிருந்தால் போதும், அவர் தலையில் ஏறியதில் பாதி இறங்கியிருக்கும். நீட்டவில்லை. நேராகச் சுவரைப் பார்த்து நின்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் என் ஆயுசில் யார் மேலும் வந்ததில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நான் அழுது அரற்றியாவது தப்பித்திருப்பேன். இப்போது நானாக எழுந்திருக்கவேண்டும்.

"நான் தொட்டேன் சார்" என்றேன். எழுந்தேனா, உட்கார்ந்தபடி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. "சாயங்காலம் இல்ல, மத்தியானம் ஒரு மணிக்கு வந்துச்சு. மீன் சூடா இருந்துச்சு. நான்தான் ஐஸ் அள்ளிப் போட்டேன்."

அப்புறம் ஹாரனும் தலையைத் தூக்காமலே, ஆமா சார், மெஷின் நின்னுபோச்சு என்றான்.

கம்பெனியைப் பத்தொன்பது நாள் மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவியில். அண்ணியையும் என்னையும் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்போது லோடு வந்தால் ஒரு பையன் காகிதப் பட்டையை முக்கிப் பார்க்கிறானாம், நல்ல விஷயம். பெட்டி வந்த வருஷமே முக்கியிருக்கலாம். ஊர் மட்டும் மூக்கு மழுங்கிவிட்டது என்பதோடு கதையை முடித்துக்கொண்டது. சூடான லாரியைப் பற்றியோ, ஐஸ் அள்ளிய நாலு பேரைப் பற்றியோ ஒருத்தரும் பேசக் காணோம்.

அன்று விசாரணை முடிந்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அண்ணி எனக்கு இரண்டு படி கீழே போனவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"எவ்வளவு சூடு இருந்துச்சு?"

எட்டு நாளுக்கப்புறம் என்னோடு பேசிய முதல் வார்த்தை. "கையுறை மேலயே தெரிஞ்சுது அண்ணி. குழந்தையைக் குளிப்பாட்டற தண்ணி மாதிரி."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"உன் கைக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் என் மூக்கு எதுக்குடி உனக்கு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் படியிலேயே நின்றேன். மேலேயிருந்து இறங்கியவர்கள் என்னை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.